கேட்டதாகக் கொள்ளப்படுகிறது

ஸ்டான்லி மாணிக்கம் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு புதிய பாட்டுத் தொகுப்பு வெளியிடப்போகிறார் என்ற செய்தி கிடைத்ததும், கள்ளக்குறிச்சி மாவட்ட ஸ்டான்லி மாணிக்கம் ரசிகர் பேரவை அவசரமாகக் கூடியது. கூடி நிறைவேற்றிய முதல் தீர்மானம், அதை யாரும் கேட்கக் கூடாது என்பது.

காரணம் இல்லாமல் இல்லை. போன தொகுப்பு வந்தபோது பேரவை விழுப்புரத்தில் இருந்தது. ஓர் உறுப்பினர் டீக்கடை வாசலில் நின்றுகொண்டு, யாரையும் கலந்து பேசாமல், "பரவால்ல" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லால் பேரவை இரண்டாக உடைந்தது. நான்கு வருஷம் ஒரு பிரிவுக்காரன் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொரு பிரிவுக்காரன் கை நனைக்கவில்லை. அப்போது பட்ட பாட்டில் போட்ட விதிதான் இது: தொகுப்பு வந்தால் எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். கேட்டபின் உண்டாக வேண்டிய உணர்ச்சியை நிர்வாகக் குழு முன்கூட்டியே முடிவு செய்யும்.

ஸ்டான்லி மாணிக்கத்தைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எண்பதுகளில் தமிழில் ராக் பாட்டுப் பாடியவர். தோள்வரை முடி, மே மாதத்திலும் தோல் சட்டை, கையில் எலக்ட்ரிக் கிடார். குரல், கல்குவாரியில் வெடி வைத்த மாதிரி இருக்கும். ஹெட்மாஸ்டர்களும் பங்குச்சாமியார்களும் ஒரே குரலில் கண்டித்தார்கள் என்பதாலேயே கேசட் தீர்ந்துபோனது. இப்போது அவருக்கு எழுபத்தொன்று. ரசிகர்களும் வயதில் அவருக்குச் சற்றுப் பின்னால்தான்.

2019இல் அரசாங்கம் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியைப் பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கியபோது பேரவையும் பிரிந்தது. பதினான்கு பேரில் ஏழு பேர் இந்தப் பக்கம் வந்தார்கள். சொத்துப் பிரிவினையில் விழுப்புரத்துக்கு ஒலிபெருக்கியும் கள்ளக்குறிச்சிக்கு மைக்கும் கிடைத்தன. ஏழு பேரில் ஒருவர் தலைவர், இருவர் துணைத் தலைவர், ஒருவர் செயலாளர், ஒருவர் பொருளாளர், ஒருவர் கல்வராயன் மலைப்பகுதிச் செயலாளர். பதவிகள் அதோடு தீர்ந்துவிட்டதால் மிஞ்சிய ஒருவர் உறுப்பினர் ஆனார்.

அந்த உறுப்பினர்தான் செபாஸ்தியான்.

தியாகதுருகத்தில் ரோட்டோரம் இருக்கும் எடைமேடையில் அவருக்கு வேலை. கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி ஏற்றிய வண்டிகள் மேடைமேல் வந்து நிற்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு எண்கள் ஓடி ஒரு எண்ணில் நிற்கும். அதைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். முப்பத்தோரு வருஷமாக எழுதுகிறார். எண் என்ன காட்டுகிறதோ அதை எழுதுவது. அதற்குமேல் வாழ்க்கையில் அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

மனைவி லூசி போன வருஷத் தவக்காலத்தில் இறந்துபோனாள். மகள் ரீத்தா ஓசூரில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை போன் செய்வாள். "சாப்டியாப்பா?" என்று ஆரம்பித்து "சரி, வெச்சிடவாப்பா?" என்று முடிக்க அவளுக்கு நான்கு நிமிஷம் ஆகும். எடைமேடையில் அவருக்குப் பேர் கிடையாது. "யோவ், எடை" என்பார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் "எடைக்காரரே" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பேரவைக் கூட்டத்தில் மட்டும் செயலாளர் வருகைப் பதிவேட்டைப் பிரித்து, மைக்கில், "உறுப்பினர் செபாஸ்தியான்" என்று முழுப்பேரையும் வாசிப்பார். இவர் எழுந்து நின்று "இருக்கேங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காக வாரம் முழுவதும் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருப்பார் என்றால் மிகையில்லை.

கேட்கக் கூடாது என்ற தீர்மானம் அவருக்குத் தெரியாது. செயலாளர் தினமும் வாட்ஸப் குழுவில் நாற்பது காலை வணக்கப் பூக்கள் அனுப்புவார். தீர்மானம் பதினேழாவது பூவுக்கும் பதினெட்டாவது பூவுக்கும் நடுவில் போயிருந்தது. செபாஸ்தியான் மூன்றாவது பூவோடு நிறுத்திக்கொள்கிறவர்.

ஆகவே வெள்ளிக்கிழமை மத்தியானம், வண்டி வராத நேரத்தில், எடைமேடைக் கூண்டுக்குள் உட்கார்ந்து தொகுப்பைக் கேட்டுவிட்டார்.

தொகுப்பின் பேர் 'அடுப்பங்கரை'. அட்டைப் படத்தில் ஸ்டான்லி மாணிக்கம் இல்லை. ஓர் அலுமினியக் குண்டான் இருந்தது. எட்டுப் பாட்டு. முதல் இரண்டில் பழைய கிடார் கொஞ்சம் உறுமியது. மூன்றாவதில் கிடார் இல்லை, டிரம்ஸ் இல்லை. மரப்பெட்டிமேல் யாரோ நகத்தால் தட்டுகிற ஓசை மட்டும். அதற்குமேல் ஒரு கிழவர், பாடுகிறாரா பேசுகிறாரா என்று தெரியாமல், தனக்குச் சோறு வடித்துக்கொள்வதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரெண்டு டம்ளர் அளந்தேன். ஒண்ணைத் திருப்பிக் கொட்டினேன். அவ்வளவுதான் பாட்டு. கொட்டுகிற இடத்தில் தட்டும் நகம் ஒரு முறை தவறி, மறுபடி தட்டியது.

செபாஸ்தியான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருந்தது. சாயங்காலம் மணலூர்பேட்டையிலிருந்து கரும்பு லாரி வந்தது. எண்கள் நிற்பதற்குள், "தம்பி, ஒரு பாட்டு கேக்கறியா?" என்று டிரைவரிடம் போனை நீட்டினார். டிரைவர் நல்ல பையன். இறங்கி வந்து காதைக் கொடுத்தான். அரை நிமிஷம் கழித்துப் போனைத் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா பெரியவரே, மியூசிக் நின்னுபோச்சு. டவர் இல்லியா?"

"இதான்பா மியூசிக்."

"அப்டியா," என்றான் டிரைவர். "சீட்டு குடுங்க."

ரீத்தாவுக்கு அனுப்பினார். இரண்டு நீலக் கோடு விழுந்தது. கட்டைவிரல் ஒன்று வந்தது. மறுநாள் போனில், "கேட்டியாமா?" என்றார். "ஆபீஸ்ல டைம் இல்லப்பா, கண்டிப்பா கேக்கறேன். சாப்டியா?" என்றாள். பேரவை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அங்கே ஐந்து பேர் இதைப் பற்றிப் பேசுவார்கள் என்று அவர் சட்டையைத் துவைத்தார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பாலாபிஷேகம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டடி பேனர் கட்டியிருந்தார்கள். ஸ்டான்லி அண்ணன் படத்தைத்தான் போட வேண்டும் என்று துணைத் தலைவர்கள் இருவரும் வாதாடினார்கள். அதிகாரபூர்வ அட்டையை மாற்றினால் அது அண்ணனைத் திருத்தியது ஆகும் என்று செயலாளர் விதியைக் காட்டினார். ஆகவே பன்னிரண்டடி உயரத்துக்கு ஓர் அலுமினியக் குண்டான் நின்றது. தலைவர் பிச்சைமுத்து ஏணியில் ஏறி, குண்டானின் தலைமேல் ஒரு குடம் பாலை ஊற்றினார். கூட்டம் கூடியது. ஒரு அம்மாள் செபாஸ்தியானைக் கேட்டாள்.

"பாத்திரக் கடை என்னிக்குங்க தொறக்கறாங்க?"

"கடை இல்லம்மா. பாட்டு."

"பாட்டுக்குக் குண்டான் இன்னாத்துக்கு?"

அதைச் சொல்லத்தான் மூன்று நாளாக அவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். "அதுல மூணாவது பாட்டு இருக்கு பாருங்க..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அம்மாளின் பஸ் வந்துவிட்டது.

பத்து மணிக்குப் பொதுக்குழு. பொருளாளர் கொளஞ்சியப்பன் சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். ஆகவே பேரவைக்கு மேடைக்கும் பந்தலுக்கும் குறைவில்லை. மேடையில் ஐந்து பேர்; மலைப்பகுதிச் செயலாளர் இறங்கி வருவதில்லை. கீழே அறுபது பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒன்றில் செபாஸ்தியான். செயலாளர் தெய்வசிகாமணி மைக்கைப் பிடித்தார். ஒலிபெருக்கி விழுப்புரத்தில் இருந்தாலும் மைக்கைப் பிடிக்காமல் அவருக்குப் பேச்சு வராது. சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிறவர். நான்கெல்லை சொல்லாமல் ஒரு வாக்கியத்தை முடித்ததில்லை.

"கடலெனத் திரண்டிருக்கும் உறுப்பினர் பெருமக்களே," என்று ஆரம்பித்தார். வெயில் பந்தலுக்குள் இறங்கி வந்தது. செபாஸ்தியான் கண்ணைச் சுருக்குவதைப் பார்த்துவிட்டு, "கடல் கொஞ்சம் பின்னால போயி நெழல்ல ஒக்காரலாம்," என்றார். கடல் எழுந்து இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தது.

வருகைப் பதிவு நடந்தது. "இருக்கேங்க" என்றார் செபாஸ்தியான். பிறகு வரவேற்புரை. வரவேற்புரையை வரவேற்று ஓர் உரை. இரண்டு துணைத் தலைவர்களில் யார் மூத்தவர் என்பது இன்னும் முடிவாகாததால் இருவரும் ஒரே உரையை ஆளுக்கொரு பத்தியாக வாசித்தார்கள். தலைவருக்குச் சால்வை. தலைவர் அதே சால்வையைச் செயலாளருக்குப் போட்டார். அது சுற்றிச் சுற்றிப் பொருளாளரிடம் போய், பிறகு பந்தல் சாமான் மூட்டைக்குள் திரும்பியது, அங்கிருந்து எடுத்ததுதான்.

பதினொன்றே காலுக்குத் தொகுப்பைப் போடுவதற்காகச் செயலாளர் போனை எடுத்தார். கொளஞ்சியப்பன் எழுந்தார்.

"தலைவரே, நைனார்பாளையத்துல காதுகுத்து. பன்னெண்டுக்கு அறுவது சேரும் அங்க எறங்கணும். வண்டி வந்துகினு இருக்குது."

மேடை குழம்பியது. எட்டுப் பாட்டு முப்பத்தெட்டு நிமிஷம். செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். போன கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளை வாசிக்க நேரமில்லாதபோது வாசித்ததாகக் கொள்ளலாம் என்று விதி பதினொன்று இருந்தது. அவர் முகம் தெளிந்தது.

"விதி பதினொன்றின்படி 'அடுப்பங்கரை' தொகுப்பு, மேற்படி எட்டுப் பாடல்களும், முன்னும் பின்னும் உள்ள மௌனங்கள் உட்பட, இப்பேரவையால் கேட்டதாகக் கொள்ளப்படுகிறது."

ஐந்து பேரும் கைதட்டினார்கள். துணைத் தலைவர் ஒருவர் கண்ணை மூடித் தலையை ஆட்டி, "இன்னா கிடார்," என்றார். நாற்காலி ஏற்ற ஆட்கள் வந்துவிட்டார்கள். செபாஸ்தியானை எழுப்பி அவர் நாற்காலியையும் எடுத்தார்கள். அவர் நின்றுகொண்டே எதிர்வினைப் படிவத்தை வாங்கினார்.

படிவத்தில் மூன்று கட்டம். இடி. புயல். எரிமலை. நிர்வாகக் குழு எரிமலை என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தாலும், ஜனநாயகம் கருதி மற்ற இரண்டையும் அச்சடித்திருந்தார்கள். செபாஸ்தியான் பேனாவைத் திறந்து, மூன்று கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எண் எதிலும் நிற்கவில்லை. கடைசியில் கீழே காலியாக இருந்த இடத்தில் எழுதினார்: 'மூன்றாவது பாட்டில் அழுகை வந்தது.'

புதன்கிழமை சாயங்காலம் தலைவரின் உரக்கடையில் விசாரணை. யூரியா மூட்டைகளுக்கு நடுவில் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். செபாஸ்தியானுக்குப் பொட்டாஷ் மூட்டையைக் காட்டினார்கள்.

"முப்பத்திநாலு வருஷ பேரவை சரித்திரத்துல," என்றார் செயலாளர், "அழுகைன்னு ஒரு எனமே இல்ல. இத எதுல சேக்கறது? மாநிலத் தலைமைக்கு நாம அனுப்பற தாள்ல மூணு கட்டந்தான் இருக்குது. நாலாவதா ஒண்ணு போட்டா மிச்ச மாவட்டம்லாம் சிரிக்கும்."

"வந்ததத்தாங்க எழுதினேன்," என்றார் செபாஸ்தியான்.

"வந்துச்சுன்னா, தொகுப்பு கேட்டதாகக் கொள்ளப்பட்டதுக்கு முன்னாடியே நீங்க கேட்டிருக்கணும். அது ஒரு குத்தம். கேட்டதோட இல்லாம ஒரு குறிப்பிட்ட பாட்டைப் பத்திக் கருத்து சொல்லியிருக்கீங்க. அது ரெண்டாவது."

"நீங்க கேட்டிங்களா, சிகாமணிண்ணே? அந்த மூணாவது?"

செயலாளர் விதிப் புத்தகத்தின் அட்டையைத் தடவினார். "நான் செயலாளருங்க," என்றார். "நானே கேட்டுக்கினு ஒக்காந்தா வேலய யாரு பாக்கறது?"

தலைவர் பிச்சைமுத்து அதுவரை பேசவில்லை. அறுபத்துமூன்று வயது. தலைமுடியை மாதம் இருமுறை கறுப்பாக்குகிறவர். மெல்ல ஆரம்பித்தார். ஆரம்பித்தபின் அவராலேயே நிறுத்த முடியவில்லை.

"செபாஸ்தியான், நல்லா கேளுங்க. அண்ணன் பாட்டக் கேட்டா ரத்தம் கொதிக்கணும். கொதிச்சிருக்குது. எனக்குப் பத்தொம்போது வயசுல கொதிச்சுது. எங்கப்பா முன்னாடி அந்தக் கேசட்ட போட்டுட்டு வூட்ட வுட்டே போனவன் நான். இப்ப நீங்க அழுகை வருதுன்னு எழுதனா இன்னா அர்த்தம்? அண்ணனுக்கு வயசாயிட்ச்சுன்னு அர்த்தம். அண்ணனுக்கே வயசாயிட்ச்சுன்னா, அப்ப எனக்கு..." அவர் நிறுத்தினார். "அதனாலதான் சொல்றேன். எரிமலைன்னா எரிமலைதான். நான் அந்தப் பாட்டைக் கேக்க மாட்டேன். என்னைக் கேக்க வைக்காதீங்க."

செபாஸ்தியானுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

தீர்ப்பு எழுதினார்கள். ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்குள் அழுகையை அடித்துவிட்டு எரிமலையில் டிக் போட்டுத் திருத்தல் தாளைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நீக்கம். இரண்டில் எதுவானாலும் நிர்வாகிகள் ஆறு பேரும் கையெழுத்திட்டால்தான் செல்லும். ஐந்து பேர் அங்கேயே திருத்தல் தாள், நீக்கத் தாள் இரண்டிலும் போட்டுவிட்டார்கள். ஆறாவது கையெழுத்து, மலைப்பகுதிச் செயலாளர் வேடியப்பனுடையது. அவர் கல்வராயன் மலைமேல் இருந்தார். போய்வர ஆள் வேண்டும். இதுபோன்ற ஓட்டங்களை உறுப்பினர்கள்தான் செய்ய வேண்டும் என்பது விதி.

"உறுப்பினர்னா நான் ஒருத்தன்தாங்களே," என்றார் செபாஸ்தியான்.

"அதான் சொல்றேன்," என்றார் செயலாளர்.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது தலைவர் பின்னால் வந்தார். தோளில் கை வைத்தார். "ஒரு டிக்குதான, போட்டுடுங்க. நீங்க இல்லன்னா எதிர்ல யாரு ஒக்காருவாங்க?"

வியாழனும் வெள்ளியும் செபாஸ்தியான் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டிக் போட்டால் ஞாயிற்றுக்கிழமை பேர் வாசிப்பார்கள். போடாவிட்டால் ஞாயிறும் மற்ற ஆறு நாள் மாதிரி ஆகிவிடும். ஒருமுறை பேனாவைக் கட்டத்துக்குள் வைத்தும்விட்டார். ஒரு புள்ளி விழுந்தது. அந்த நேரம் மரவள்ளி லோடு வந்து மேடைமேல் ஏறியது. சிவப்பு எண்கள் ஓடி நின்றன. அந்த எண்ணைச் சீட்டில் எழுதினார். திரும்பி வந்து பேனாவை எடுத்தால் கை வரவில்லை.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, இரண்டு தாளையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெள்ளிமலை பஸ் ஏறினார். எதில் கையெழுத்து வாங்குவது என்று பஸ் கச்சிராயபாளையம் தாண்டும்போதும் தெரியவில்லை. மலை ஏற ஆரம்பித்து நான்காவது வளைவில் போனில் டவர் போனது.

வேடியப்பனை அவர் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. இருந்ததே நாலு வார்த்தைப் பழக்கம். வெள்ளிமலைக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி, விசாரித்துப் போனபோது வேடியப்பன் மரவள்ளிக் காட்டில் களை கொத்திக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி, தலையில் துண்டு.

"அட, செபாஸ்தியாண்ணனா. வாங்க வாங்க. யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவலப்பா. அண்ணன் புதுசா பாட்டு போட்டிருக்காருல்ல."

"போட்டிருக்காரா?" வேடியப்பன் களைக்கொத்தைக் கீழே வைத்தார். "எப்போங்க?"

செபாஸ்தியான் பையிலிருந்து, விசாரணையில் கொடுத்த மாவட்ட எதிர்வினைத் தாளின் நகலை எடுத்துக் காட்டினார். ஆறாவது வரியில், கல்வராயன் மலைப்பகுதிச் செயலாளர்: எரிமலை, என்று இருந்தது. வேடியப்பன் அதை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார்.

"எரிமலையா? நானா?" என்றார். "இங்க டவரே இல்ல. மழையில நாலு நாளா கரண்டும் இல்ல. எப்பிடிங்க எரிஞ்சேன்?"

"சார்பா போட்டாங்களாம்."

"நல்லா எரிஞ்சேனா?"

"எல்லாரும் ஒரே மாதிரிதான் எரிஞ்சீங்க."

வேடியப்பன் சிரித்தார். சிரித்து முடித்ததும், "பாட்டு இருக்குதா உங்கள்ட்ட?" என்றார். குரல் மாறியிருந்தது. எண்பத்தேழில் கள்ளக்குறிச்சியில் ரெக்கார்டிங் சென்டரில் வேலை செய்தவர் அவர். ஊர் முழுக்க ஓடிய ஸ்டான்லி மாணிக்கம் கேசட்டில் பாதி, அவர் கையால் பதிவானவை. சென்டர் மூடியதும் மலைக்குத் திரும்பி வந்தவர், மைக்கும் சால்வையும் இல்லாத இந்தக் காட்டில், பேரவை கொடுத்த பதவியோடு இருந்தார்.

போனில் எட்டுப் பாட்டும் இறக்கி வைத்திருந்தார் செபாஸ்தியான். பாறைமேல் இருவரும் உட்கார்ந்தார்கள். வேடியப்பன் கையை மண்ணில் துடைத்து, பிறகு வேட்டியில் துடைத்து, போனை இரண்டு கையாலும் வாங்கினார். முப்பத்தெட்டு நிமிஷம் அவர் வாயே திறக்கவில்லை. இடையில் ஒரு ஆடு வந்து மரவள்ளி இலையைக் கடித்தது. அதை விரட்டக்கூட எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது பாட்டு வந்தபோது செபாஸ்தியான் பாட்டைக் கேட்கவில்லை. வேடியப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் தெரியவில்லை.

முடிந்தது. வேடியப்பன் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த மூணாவது..." என்றார் செபாஸ்தியான்.

"அதுதாங்க இருக்கறதுலயே மோசம்."

செபாஸ்தியான் போனைப் பாறைமேல் வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கொரல ரொம்பக் கிட்டக்க வெச்சுப் பதிஞ்சிட்டாங்க. மூச்சு வாங்கறது ஜாஸ்தி கேக்குது, பாட்டு கம்மியா கேக்குது. அப்புறம், அரிசியத் திருப்பிக் கொட்டறாரு, சரி. ஒருத்தருக்கு எவ்ளோ வேணும்னு தெரியாதா அந்த மனுசனுக்கு? தெனமும் ரெண்டு அளந்துட்டுத் தெனமும் ஒண்ணு கொட்டுவாராமா? நாலு நாள்ல பழகிடாது?"

"பழகாது," என்றார் செபாஸ்தியான்.

"பழகுங்க."

"பழகாதுய்யா. நான் சொல்றேன். ஒண்ணே கால் வருசம் ஆச்சு. நேத்திக்கிக்கூட ரெண்டு அளந்தேன்."

வேடியப்பன் அவரைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்துக்கொண்டு ஆட்டைப் பார்த்தார். செபாஸ்தியான் பயந்தது அடுத்து வரப்போவதைத்தான்: ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு, சரிங்க, நல்ல பாட்டுதாங்க என்று விட்டுக்கொடுத்துவிடுவாரோ என்று. வேடியப்பன் ஆட்டின்மேல் ஒரு மண்கட்டியை விட்டெறிந்தார்.

"நீங்க அளக்கறது வேறங்க," என்றார். "அது வூட்ல நடக்கறது. பாட்டுன்னா அத நம்பற மாதிரி சொல்லணும். அவரு சொல்லல. மறுபடியும் போடுங்க, எந்த எடம்னு காட்டறேன்."

மறுபடியும் போட்டார்கள். நகம் தவறுகிற இடத்தில் செபாஸ்தியான், "இங்க பாரு," என்றார். "அது பதிவுல விழுந்த தப்பு, வேணும்னு செஞ்சதில்ல," என்றார் வேடியப்பன். "தப்பா? அதாய்யா பாட்டே," என்றார் செபாஸ்தியான். மூன்றாம் முறை போட்டார்கள். குரல்கள் உயர்ந்தன. வேடியப்பனின் மனைவி காசியம்மாள் சாமைச் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னா, நெலத் தகராறா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சாப்பிட்டுக்கொண்டே தொடர்ந்தார்கள். ஐந்தாவது பாட்டுதான் உயர்த்தி என்றார் வேடியப்பன். அந்த ஐந்தாவது பாட்டு வந்தாலே கேட்காமல் தள்ளிவிடுவதாகச் சொன்னார் செபாஸ்தியான். "தள்ளுனீங்களா? காது இருக்குதா உங்களுக்கு?" என்றார் வேடியப்பன், நிஜமான கோபத்தோடு. செபாஸ்தியானுக்கு லூசி போனபிறகு இவ்வளவு நன்றாகப் பசித்ததில்லை.

கீழே ரோட்டில் கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அப்போதுதான் வந்த வேலை நினைவுக்கு வந்தது. செபாஸ்தியான் சட்டைப்பையிலிருந்து இரண்டு தாளையும் எடுத்தார். புள்ளி விழுந்த தாளை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். நீக்கத் தாளை நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்து போடுப்பா. மூணாவது பாட்டுல அழுகை வந்துச்சுன்னு எழுதினேன். அதுக்காக என்னை நீக்கறாங்க."

வேடியப்பன் தாளை வாங்கிப் படித்தார். ஐந்து கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இவங்கள்லாம் கேட்டாங்களா?"

"கேட்டதாகக் கொள்ளப்பட்டது."

"அழுதா நீக்குவாங்களா? இது அநியாயங்க. நான் போட மாட்டேன்." தாளைத் திருப்பி நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு, "பேனா குடுங்க," என்றார். பாறைமேல் தாளை வைத்து, கையெழுத்துக்கு மேலே சின்ன எழுத்தில் என்னவோ எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ரோட்டுக்கு நடக்கும்போது செபாஸ்தியான் அதைப் படித்தார். 'அழுததற்காக அல்ல. அந்தப் பாட்டை நல்ல பாட்டு என்று சொன்னதற்காக நீக்கச் சம்மதம். வேடியப்பன்.'

முப்பத்திநாலு வருஷ பேரவை சரித்திரத்தில் பாட்டைக் கேட்டுவிட்டு எடுக்கப்பட்ட முதல் முடிவு அது. செபாஸ்தியான் தாளை நான்காக மடித்தார். நாளைக்குப் பதிவேட்டில் தன் பேர் வாசிக்கப்படாது, அறுபது நாற்காலியும் வெயிலில் காய்ந்துவிட்டு அடுத்த விசேஷத்துக்குப் போகும் என்பதை நினைத்துப் பார்த்தார். ஆனாலும் தாளை விடவில்லை.

பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தார். வேடியப்பன் கீழே நின்றுகொண்டு இன்னும் விடவில்லை.

"வூட்டுக்குப் போயி நிம்மதியா அந்த அஞ்சாவதக் கேளுங்க. முழுசா. தள்ளக் கூடாது."

"நீ மூணாவத நெனச்சுப் பாரு."

"நெனச்சுக்கினு படுத்தா தூக்கம் கெடும். அவ்ளோ மோசம்."

"அடுத்த சனிக்கெழம வரேன். வந்து சொல்றேன்."

"வாங்க. ஆனா நான் மாறமாட்டேன்."

பஸ் கிளம்பியது. வேடியப்பன் ரோட்டில் கூடவே நாலடி நடந்து, கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். செபாஸ்தியான் ஜன்னல் வழியாகத் தலையையும் கையையும் வெளியே நீட்டி மூன்று விரலைக் காட்டினார். வளைவில் பஸ் திரும்பி, வேடியப்பன் மறைந்து, மரங்கள் வந்தன. கையை உள்ளே இழுத்தபின்னும் மூன்று விரலும் அப்படியே நின்றிருந்தன.

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். விரல்களைப் பார்த்தார், காலியாக இருந்த பக்கத்து சீட்டைப் பார்த்தார்.

"மூணு டிக்கெட்டுங்களா?"

"இல்லப்பா," என்றார் செபாஸ்தியான். "ஒண்ணுதான்."